கண்ணாடிக்குள் வந்த ஒறம்பரை

அன்புள்ள கண்ணு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, பீரோ கண்ணாடியின் மேல் போட்டிருந்த போர்வையை எடுத்து மடித்து வைத்தேன். போன தடவை வந்திருந்தபோது "எதுக்கும்மா இதை மூடி வெச்சிருக்கே?" என்று கேட்டாய். தூசி படிகிறது என்று சொன்னேன். தூசி இல்லை. உன் அப்பா அந்தக் கண்ணாடிக்குள் ஒரு மனிதரைப் பார்க்கிறார். நரைத்த தலை, மழிக்காத முகம், தன்னுடையதைப் போலவே கட்டம் போட்ட லுங்கி. யாரோ ஒறம்பரை, வீடு தேடி வந்த விருந்தாளி என்று நினைத்துக்கொண்டு, "வாங்க, வாங்க, ஏனுங்க அங்கயே நின்னுட்டீங்க? இப்படி வந்து உக்காருங்க" என்பார். உள்ளே இருப்பவரும் அதே மரியாதையோடு கையை நீட்டி இவரை உட்காரச் சொல்வார். விருந்தாளி நிற்கும்போது உட்காருகிற பழக்கம் இருவருக்குமே கிடையாது. ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டே நிற்பார்கள். கால் கடுத்ததும் அப்பா சமையற்கட்டுக்கு வந்து என்னைத் திட்டுவார். "ஏனுங்க அம்மணி, ஊட்டுக்கு வந்தவரு நின்னுக்கிட்டே இருக்காருங்க. ஒரு சேரு போடறதுக்குக் கூட ஆளில்லீங்களா?"

பார்க்கச் சகிக்காமல்தான் போர்வையைப் போட்டேன். சில நாள் அமைதியாக இருந்தது. நேற்று சாயங்காலம் அவர் வாசலுக்கும் பீரோவுக்கும் நடந்துகொண்டே இருந்தார். என்னவென்று கேட்டேன். "அவரு கோவிச்சுட்டுப் போயிட்டாருங்களா? நாம 'வாங்க'ன்னு சொல்லலீங்களா?" என்றார். அதற்கப்புறம் சோற்றைத் தொடவில்லை. ஆகவே இன்று காலை போர்வையை எடுத்துவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டேன். காப்பியை அவர் கையில் கொடுத்து, "நீங்க உக்காந்தாத்தான் அவரு உக்காருவாருங்க" என்றேன். அப்பா யோசித்துவிட்டு உட்கார்ந்தார். எத்தனையோ நாளாக நின்றுகொண்டிருந்த அந்த மனிதரும் உட்கார்ந்துவிட்டார். இருவரும் காப்பி குடித்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தேன். அழவும் செய்தேன். எது முதலில் வந்தது என்று நினைவில்லை.

இதையெல்லாம் தொலைபேசியில் சொல்ல முடியாது. எஸ்.டி.டி. பூத்துக்கு நீ கூப்பிடுகிறாய், பூத்காரர் ஆள் விட்டனுப்புகிறார், நான் ஓடி வந்து "நல்லா இருக்கோம், நீ சாப்பிட்டியா" என்று சொல்வதற்குள் அங்கே உனக்கு மீட்டர் ஓடிவிடுகிறது. இங்கே பூத்காரர் பேப்பர் படிப்பதுபோல் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். இன்று வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நிதானமாகப் படி, கண்ணு. கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

அப்பாவுக்கும் உன் சித்தப்பாவுக்கும் பேச்சு நின்றுபோன காரணம் உனக்குத் தெரியும். நீ ஆறாவதோ ஏழாவதோ படித்துக்கொண்டிருந்தாய். அவர் வெள்ளகோவிலில் வீடு கட்டிக் குடிபோனார். நாம் பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் கூட்டம். சித்தப்பா யாரோ முதலாளியை உள்ளே அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். அப்பாவைப் பார்த்தார், தலையாட்டினார், போய்விட்டார். 'வாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பா என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தார். பசியோடு நீ பஸ்ஸில் அழுதாய். வேறு ஊர்க்காரர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். நம் பக்கத்தில் சொத்துத் தகராறு கூடத் தீர்ந்துவிடும், 'வாங்க' சொல்லாத தகராறு தீராது. தோட்டத்து வேலைக்குப் போய்க் களத்து ஓரமாகவே நின்று வளர்ந்த பிள்ளைகள் அவர்கள் இரண்டு பேரும். யாரும் 'வாங்க' என்று சொல்லாத வயதில் அந்த வார்த்தையின் எடை என்னவென்று தெரிந்துகொண்டவர்கள். அதனால்தான் அப்பா மில்லில் ஃபிட்டராகிச் சொந்தமாக ஒரு வீட்டைக் கட்டியதும், அந்த வாசலைத் தாண்டுகிற யாரையும், பால்காரரையும் கூட, 'வாங்க' சொல்லாமல் விட்டதில்லை.

அவருடைய நோய் ஒளிந்துகொண்டதும் அந்த வார்த்தைக்குப் பின்னால்தான். ஆளை அடையாளம் தெரியாவிட்டால் என்ன? "வாங்க, சௌக்கியங்களா? ஊட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா? இருந்து சாப்புட்டுப் போட்டுத்தான் போகோணும்." இதில் பேர் எங்கே வருகிறது, உறவு எங்கே வருகிறது? எவரிடமும் சொல்லலாம். நானே நீண்டநாள் ஏமாந்தேன். மனிதர் முன்பைவிடக் கனிந்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன். பக்கத்து வீட்டு ராசம்மாக்கா என்னிடம் பொறாமையோடு சொன்னாள். "ஊட்டுக்காரருன்னா இப்புடி இருக்கோணும் டீச்சரு. எங்க ஊட்லயும் இருக்குதே ஒண்ணு! ஒறம்பரை வந்தா பேப்பருக்குள்ள தலையை உட்டுக்கும். பலகாரத் தட்டு வந்தாத்தான் வெளிய எடுக்கும்."

கண்டுபிடித்தது உன் சித்தப்பாதான். இதை உனக்கு நான் சொன்னதில்லை. நீ பெங்களூருக்கு வேலைக்குப் போன புதிது. ஏதோ சோலியாகச் சூலூருக்கு வந்தவர் நம் தெரு வழியாகத் தலையைக் குனிந்துகொண்டு போயிருக்கிறார். கேட்டருகே நின்ற அப்பா, "வாங்க, வாங்க, வெயில்ல எங்கீங்க போறீங்க? வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சுப்போட்டுப் போங்க" என்று கூப்பிட்டுவிட்டார். சித்தப்பா அப்படியே நின்றார். அண்ணன் கோபம் தீர்ந்து கூப்பிட்டுவிட்டார் என்று நினைத்து, செருப்பைக் கூட ஒழுங்காகக் கழற்றாமல் உள்ளே வந்தார். நான் அவசரமாகச் சோறு வைத்தேன். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து, "கூச்சப்படாம சாப்புடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சித்தப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. "அண்ணா, என்னை நாலு அறை வேணும்னாலும் அறைஞ்சுபோடுங்க. இப்படி வேத்தாளாட்டப் பேசாதீங்க" என்றார். அப்பா பதறிப்போனார். பேச்சை மாற்றுவதற்காக, "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று கேட்டார். சித்தப்பா என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "வெள்ளகோயலுங்க" என்றார். அப்பாவின் முகம் மலர்ந்தது. "அங்க என்ற தம்பி ஒருத்தன் இருக்கானுங்க. கோவக்காரன். பாத்தீங்கன்னா, அண்ணன் கேட்டுதுன்னு சொல்லுங்க. வரச்சொல்லுங்க."

"சொல்றனுங்க" என்றார் சித்தப்பா. இலையை மடித்து எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனவர் வெகுநேரம் உள்ளே வரவில்லை. மறுநாளே மறுக்கா வந்து எங்களைக் கோயமுத்தூருக்கு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனதும் அவர்தான். இப்போதும் மாதம் தவறாமல் வருகிறார். ஒவ்வொரு தடவையும் அப்பா தம்பியை விசாரிப்பார். ஒவ்வொரு தடவையும் அவர் "வரச்சொல்றனுங்க" என்பார்.

டாக்டர் நோய்க்கு ஒரு பெயர் சொன்னார். வயதானவர்களுக்கு வருவது, இவருக்குக் கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிட்டது, போனதைத் திருப்பிக் கொண்டுவர மருந்து இல்லை, பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம் என்றார். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவர் சொல்லவில்லை. நான் ஒரு வாத்தியாரம்மா. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஆல்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "இது யாருங்க? இது எந்த ஊருல எடுத்ததுங்க?" என்று தினமும் பாடம் நடத்தினேன். விடாமல் பயிற்சி கொடுத்தால் நினைவு திரும்பிவிடும் என்று நம்பினேன். பரீட்சை அறையில் பிள்ளைகளுக்கு வேர்ப்பதுபோல அவருக்கு வேர்க்கும். உன் படத்தைக் காட்டி ஒருநாள் கேட்டபோது, ஆல்பத்தை மூடி என்னிடம் நீட்டினார். "டீச்சருங்க, நான் பாஸா, பெயிலா?"

அதோடு கேள்வி கேட்பதை விட்டேன். நீயும் விட்டுவிடு, கண்ணு. வரும்போதெல்லாம் "அப்பா, நான் யாரு, சொல்லுங்க பாக்கலாம்?" என்று எதிரே போய் நிற்கிறாய். நீ அன்பாகத்தான் கேட்கிறாய். அவருக்கு அது கேள்வித்தாள். கேட்காதே, சொல்லிவிடு. "அப்பா, நான் உங்க பையன், பெங்களூர்ல இருந்து வந்திருக்கேன்" என்று கையைப் பிடித்துக்கொள். "அப்படீங்களா, ரொம்ப சந்தோசமுங்க" என்பார். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. வேகமாகப் பேசாதே. அவர் தப்பாகச் சொல்வதைத் திருத்தாதே. மில்லுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினால், வேலைதான் இல்லையே என்று ஞாபகப்படுத்தாதே. அந்தச் சேதி அவருக்கு ஒவ்வொரு தடவையும் புதுச் சேதி. நான் பள்ளிக்கூடம் போகும்போது ராசம்மாக்கா வீட்டுத் தறிப்பட்டறையில் அவரை விட்டுப் போகிறேன். அத்தனை சத்தத்துக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, ஷிப்ட் பார்க்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இருப்பார். நாம் வேண்டாம் என்று நினைக்கிற இரைச்சல் அவருக்குத் தாலாட்டு.

சாப்பாட்டுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். தட்டை வைத்து "சாப்பிடுங்க" என்றால், "ஒறம்பரையெல்லாம் சாப்புட்டாங்களா?" என்பார். வந்தவர்கள் சாப்பிடாமல் அவர் சாப்பிட மாட்டார். அதனால் இப்போது நான்தான் ஒறம்பரை. கையைக் கழுவிக்கொண்டு அவருக்கு எதிரே போய் உட்கார்ந்துகொள்கிறேன். அவர் எனக்குப் பரிமாறுகிறார். "இன்னுங் கொஞ்சம் போட்டுக்கங்க அம்மணி, நல்லாச் சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டுத் தானும் சாப்பிடுகிறார். கல்யாணமான நாளிலிருந்து என்னை "இந்தா" என்றுதான் கூப்பிட்டவர். தண்ணீர்ச் சொம்பு எங்கே இருக்கிறது என்று தெரியாதவர். என்னை மறந்த பிறகுதான் எனக்குச் சோறு போடுகிறார். சில நாள் இது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. சில நாள், "நான் உங்க ஊட்டுக்காரி" என்று கத்தவேண்டும்போல இருக்கிறது. ஒருநாள் கத்தியும்விட்டேன். அவர் எழுந்து நின்று, "தப்பா எடுத்துக்காதீங்க அம்மணி, சாப்பாட்டுல ஏதாவது கொறைங்களா?" என்றார். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் பொறுமையின் சிகரம் என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே. பொறுமை தீர்ந்துபோகிற நாளில் ராசம்மாக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு வரை நடந்துவிட்டு வருகிறேன். அதுவும் வைத்தியம்தான்.

இப்போது கோபிசெட்டிபாளையத்தில் நடந்ததற்கு வருகிறேன். உன் நிச்சயதார்த்தத்தன்று பெண் வீட்டில் நீயும் நானும் அப்பாவுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, அவரிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் முந்திக்கொண்டு பதில் சொன்னோம். எஸ்தர் காப்பித் தட்டோடு வந்தாள். அப்பா சட்டென்று எழுந்தார். "நீங்க உக்காருங்க அம்மணி, நான் குடுக்கறனுங்க" என்று அவள் கையிலிருந்து தட்டை வாங்கி, அவள் வீட்டிலேயே, அவள் சொந்தக்காரர்களுக்கே ஒவ்வொருவராகக் காப்பி கொடுத்தார். எனக்கு உயிரே போய்விட்டது. அவர்கள் சிரித்துக் கொண்டாடிவிட்டார்கள். "பொண்ணு கையில இருந்து தட்டத்தை வாங்கற மாமனாரை எங்கீங்க பாத்திருக்கறோம்! எம்புள்ள குடுத்து வெச்சவ" என்றார் எஸ்தரின் அப்பா. ஒரு பெரியம்மா தன் புருஷனைப் பார்த்து, "பாத்துக்கங்க, இந்தப் பொறப்புல ஒருக்காலாச்சும் இப்படி ஒரு டம்ளரு நீட்டியிருக்கறீங்களா?" என்று குத்தினாள். எல்லோரும் மரியாதை என்று நினைத்தார்கள். நாம் இருவரும் வாயைத் திறக்கவில்லை. எஸ்தர் மட்டும் சிரிக்கவில்லை. காலித் தட்டோடு நின்றுவிட்ட அப்பாவிடமிருந்து அதை மெல்ல வாங்கிக்கொண்டு, கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். நீ அதைப் பார்த்தாயா என்று தெரியவில்லை.

புறப்படும்போது அவர்கள் வீட்டு கேட்டருகில் அப்பா உன்னிடம், "தம்பிக்கு எந்த ஊருங்க?" என்று கேட்டார். நல்லவேளை, யார் காதிலும் விழவில்லை. உன் முகத்தை நான் பார்த்தேன். பஸ் அவிநாசி தாண்டியதும் சொன்னாய். "கல்யாணத்தன்னிக்கு அப்பாவை ஊட்டுலயே வெச்சுக்கலாம்மா. சித்தப்பா கூட இருக்கட்டும். அவங்களுக்கு இப்போ ஒண்ணும் தெரிய வேண்டாம். கல்யாணம் முடியட்டும், நானே எஸ்தர்கிட்ட மெதுவாச் சொல்லிக்கறேன்." நான் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய்.

உன்மேல் எனக்குக் கோபமில்லை. பெற்ற தகப்பன் விருந்தாளியிடம் பேசுவதுபோலப் பேசினால் எந்தப் பிள்ளைக்குத்தான் தாங்கும்? உனக்குள் இன்னொரு பயம் இருப்பதும் எனக்குத் தெரியும். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடும்போது, அந்த ஒரு நிமிஷம் உன் முகம் போகிற போக்கை நான் கவனித்திருக்கிறேன். இது பரம்பரையாக வருமா என்று நானும் டாக்டரிடம் கேட்டேன். வரும் என்றும் சொல்ல முடியாது, வராது என்றும் சொல்ல முடியாது என்றார். பெண் வீட்டாரும் அதையேதான் முதலில் கேட்பார்கள். அதற்குத்தானே பயப்படுகிறாய்? ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். அன்று ராத்திரி நீ பெங்களூர் பஸ் ஏறிய பிறகு அப்பா என்னிடம், "நம்மகூட வந்த தம்பி ரொம்பத் தங்கமான பையனுங்க. நமக்கும் அந்த வயசுல ஒரு பையன் இருக்கானுங்க. நல்லாப் படிச்சவன்" என்றார். உன் பெயரும் முகமும் அவரைவிட்டுப் போயிருக்கின்றன. நீ போகவில்லை.

நான் பதில் சொல்லாததற்குக் காரணம் வேறு. பெங்களூரில் உனக்குக் குவார்ட்டர்ஸ் கிடைக்கும் வரை எஸ்தர் சூலூரில் நம்மோடுதான் இருப்பாள் என்று பேசி முடித்திருக்கிறோம். நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமெல்லாம் அவள்தான் அப்பாவோடு இருக்கவேண்டும். அதை நினைத்து எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது. இன்னொரு ஜோடிக் கை வருகிறது என்று. அவள் அவரை உட்கார வைத்த பக்குவத்தைப் பார்த்ததும் அந்த ஆசை இன்னும் கூடிவிட்டது. அந்த ஆசைதான் அன்று பஸ்ஸில் என் வாயை அடைத்தது. ஆனால் எந்த வீட்டுக்குள் வருகிறோம் என்று தெரியாமல் ஒரு பெண் வந்தால், நாம் அவளை 'வாங்க' என்று அழைத்ததாக ஆகுமா? அன்று வெள்ளகோவில் வாசலில் அப்படி ஓர் அழைப்பு இல்லாததற்காகத்தான் உன் அப்பா சோறு வேண்டாம் என்று திரும்பி வந்தார்.

நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நம் கோயிலிலும் அவர்கள் கோயிலிலும் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசிக்கிறார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று போதகர் ஐயர் நிறுத்துவார். சபையில் யாரும் பேச மாட்டார்கள். அப்பாவின் நோய் தடையில்லை, எனக்குத் தெரியும். என்றாலும் அந்தக் கொஞ்ச நேர அமைதியில், மறைத்த ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியாது.

அதனால் ஒரு முடிவு செய்திருக்கிறேன். சித்தப்பாவுக்குத் தெரியாது, ராசம்மாக்காவுக்குத் தெரியாது, உனக்கும் இந்த வரியில்தான் தெரிகிறது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கோபிக்குப் போகிறேன். முதலில் எஸ்தரிடம் தனியாகச் சொல்வேன். பிறகு அவளைப் பெற்றவர்களிடம். பரம்பரையா என்று கேட்டால், டாக்டர் சொன்னதை அப்படியே சொல்வேன். வேண்டாம் என்றால் ஓலையை நிறுத்தும்படி ஐயரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். உன்மேல் ஒரு பழியும் வராது. சம்மதம் என்றால், கல்யாணத்தன்று மண்டப வாசலில் அப்பா நிற்பார், நான் பக்கத்தில் நிற்பேன். வருகிறவர்களில் ஒருவரைக் கூட அவர் 'வாங்க' சொல்லாமல் விடமாட்டார். நீ மாப்பிள்ளையாக வந்து இறங்கும்போது உன்னையும் சொல்வார்.

இந்தக் கடிதத்தை அவிநாசியில் பஸ் மாறும்போது தபால் பெட்டியில் போடுவேன். இது உன் கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். தடுக்க முடியாதபடி செய்துவிட்டாளே என்று உனக்குக் கோபம் வரலாம். வரட்டும்.

அப்பாவின் வெள்ளை வேட்டியைத் தேய்த்து வைத்துவிட்டேன். நாளை அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவேன். யாராவது வந்து திறப்பார்கள். அவர்கள் நம்மை உள்ளே அழைப்பார்களோ மாட்டார்களோ என்று நான் நினைத்து முடிப்பதற்குள், உன் அப்பா அவர்களுடைய வாசலிலேயே நின்றுகொண்டு அவர்களைப் பார்த்துச் சொல்லிவிடுவார்: "வாங்க, வாங்க. ஏனுங்க அங்கயே நின்னுட்டீங்க?"

உன் அம்மா